வட்டுக்கோட்டையில் உருவான ஆசிரியர்கள்

வட்டுக்கோட்டை செமினறியைப் பற்றிப் பேசப் புகுவோர், அங்கே கற்றுப் புகழ்பெற்ற பெரியோரின் பெயர்களை அடுக்கி அவ்வளவில் அமைவது வழக்கம். அப்பெரியோருக்குப் படிப்பித்தவர் யாவர், அவர்கள் அத்தொழிலுக்கு எவ்வாறு ஆயத்தமாயினர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. நேயர்களே, இன்று அவ்வினாவையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த பாதிரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் தானியேல் பூவர் தமிழ் இளைஞருக்கென ஓர் உயர்கலாசாலைத் திட்டத்தை வெளியிட்டார். கல்லூரியாக இயங்குவதற்கு அரசாங்கத்தின் உரிமைப் பத்திரம் கிடைத்திலது. ஆகவே அது செமினறி என்னும் பெயரோடு நடைபெற்றது. அங்கு வந்து சேர்ந்தவர் கிராமத்துச் சிறுவர். திண்ணைப் பள்ளியிலே மணலில் எழுதி, ஏட்டிலே நிகண்டு படித்தவர். அவர்தம் தந்தையாரோ பாட்டனாரோ ஆங்கிலக் கலாசாலையின் வாயிலை மிதித்தறியார். வீட்டிலே தமிழும் சைவமும். வகுப்பிலே ஆங்கிலமும் கிறிஸ்தவமும் மேனாட்டுக் கணிதமும். இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறும் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்துவதற்கு வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரின் அன்பு மாத்திரம் போதாது. இரண்டு கரையையும் அறிந்த ஒருவர் வேண்டும்.

அத்தகையவரைச் செமினறி தன் மாணவரிடையே தேடிக்கொண்டது. கற்றுத் தேறியவருட் சிலரைத் தன்னிடமே நிறுத்தி ஆசிரியராக்கியது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அங்குப் பயின்று அங்கேயே படிப்பித்தவர்; 1850 இல் ‘நியாய இலக்கணம்’ என்னும் தருக்க நூலைத் தமிழில் வெளியிட்டார். கறல் விசுவநாதபிள்ளையின் ‘பீசகணிதம்’ 1855 இல் வெளிவந்தது. தாம் பிறமொழியில் இடர்ப்பட்டுக் கற்றதைத் தமக்குப் பின் வருவோர் இடர்ப்படாது கற்க வேண்டும் என்னும் எண்ணமன்றோ இத்தகைய நூல்களைத் தோற்றுவிக்கும்! இக்காலத்தார் பட்டமேற்படிப்பு என்றும் ஆசிரியப் பயிற்சி என்றும் கூறுவதற்கு அன்று பெயருமில்லை, பத்திரமுமில்லை. ஆயினும் பயிற்சி நிகழ்ந்தது என்றே நான் கொள்வேன்.

அந்தோ, அச்சங்கிலி 1855 இல் அறுந்தது. பொஸ்தனிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் முதலானோர், ஆங்கிலக் கல்வி சுவிசேடகரை அளிப்பதை விட்டு அரசாங்க உத்தியோகத்தரை அளிக்கின்றது என்று கண்டு, செமினறியை மூடுவித்தனர். அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் விரும்பியதும் அதுவேயன்றோ? இரண்டாண்டு கழிந்து, 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக இருவர் தேறினர். ஒருவர் அந்த விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் மூடப்பட்ட அந்தச் செமினறியின் மாணவர். ஊரவர் விடாது வேண்டியதன் பயனாக யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் எழுந்தது 1872 இலேயாம். இடைப்பட்ட பதினேழு ஆண்டு சிறிய காலமன்று.

மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறொரு வழியைக் கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர் அரசாங்கச் சேவையை நாடி ஊரை விட்டுச் செல்வதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனக் கலைச்சொற்களை ஆக்கி, நூல்களையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். பயின்றவர் தம் மக்களிடையே தங்கிவிட வேண்டும் என்பது அவர் நோக்கம்.

இனி மறைக்கலாகாத ஒன்றையும் கூறுதல் வேண்டும். இக்கல்வியின் பயனை மிகுதியாகப் பெற்றோர் உயர்சாதியினரே. 1929 இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டளையாயிற்று. அதனைப் பொறாதார் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். வாங்குகளை ஒரே உயரத்தில் அமைக்கத் தச்சனுக்கு ஒரு நாள் போதும். அவற்றில் அமர்ந்த பிள்ளையை ஒரே கண்ணால் நோக்க ஆசிரியரைப் பயிற்றுவதற்கு எவரும் கட்டளையிட்டிலர்.

இவ்வினா நமக்கு மாத்திரம் உரியதன்று. பூவர் பிறந்த ஐக்கிய அமெரிக்காவிலே, இலத்தீன் அமெரிக்க மரபினரான மாணவர் நாலில் ஒரு பங்கினராயுள்ள உயர்கல்வி நிலையங்களை 1992 ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. அம்மாணவருக்குத் துணைநிற்கும் அலுவலரைப் பட்டமேற்படிப்பு நிலையிலே பயிற்றவும் இன்று அங்கு முயல்கின்றனர்.

இங்கோ, 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு முல்லைத்தீவிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர்; சிங்கள மாணவரும் வருகின்றனர். குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் காண்பவரும் அவர்களுள் உளர். கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென இந்நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 5 இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. புதிய விரிவுரையாளருக்குக் கற்பித்தற் பயிற்சியும் உண்டு. ஆனால் மாணவ ஆலோசகராய் இருப்பவர் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளரே. தம் விரிவுரைகளுக்கிடையே கிடைக்கும் நேரத்தில்தான் அவர் தம்மை நாடி வரும் பிள்ளையைச் சந்திக்கின்றார்.