தூரிகை எழுத்து (சென்னை)

பெயர்ப்பலகை, சுவர், திரைப்பட பேனர் ஆகியவற்றில் தட்டைத் தூரிகையால் எழுதப்படும் தடித்த தமிழ் எழுத்து. அச்சுக்கு வார்த்த எழுத்தைப்போல இதற்கு நிலையான அளவு கிடையாது. எழுதுபவரின் கைதான் எழுத்துரு. தூரிகையைச் சாய்த்துப் பிடிப்பதால் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாகாமல் சாய்சதுரமாக விழும். இவ்வெழுத்தை அடையாளம் காண அந்தப் புள்ளி ஒன்றே போதும்.

இதன் செழிப்பான காலம் 1950களிலிருந்து 1990கள் வரை நீடித்த சினிமா பேனர் காலம். எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) பெருவிளம்பரத்துக்கு வழிகாட்டியது. 1957இல் வெளியான 'வணங்காமுடி'க்கு மோகன் ஆர்ட்ஸ் நிறுவிய சிவாஜி கணேசன் கட்-அவுட்டே முதலாவது பிரம்மாண்ட கட்-அவுட் என்பார் உண்டு; உயரம் 80 அடி என்றும் சொல்லப்படுகிறது. பேனர் பட்டறையில் படத்தின் ஸ்டில் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதையே துணியில் பெருக்கி வரைவார்கள். முகம் பெரும்பாலும் தலைமை ஓவியருடையது. எழுத்து வேறொருவர் வேலை. பேய்ப்படத் தலைப்பில் ரத்தம் சொட்டும். புராணப்படத் தலைப்பு பொன்னிறத்தில், ஷேடு விழ நிற்கும். இத்தகைய பேனர்கள் நின்ற மயிலாப்பூர் காமதேனு, தியாகராய நகர் ராஜகுமாரி, அடையாறு ஈராஸ் ஆகிய அரங்குகள் இன்று இல்லை. பேனரின் மூலையில் ஓவியர் தம் பெயரோடு 'ஆர்ட்ஸ்' சேர்த்துப் பொடி எழுத்தில் ஒப்பமிடுவார். நாயகனின் கன்னத்துக்குக் கீழே அதைத் தேடிப் படிப்பது தனி இன்பம்.

தூரிகை எழுத்தின் இன்னொரு களம் அரசியல். சுண்ணாம்படித்த சுவரைத் தேர்தலுக்கு முன்பே கட்சிகள் பெயரெழுதிப் பிடித்துவைப்பது வழக்கம். டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் (1990–96) சுவரெழுத்துக்கான கட்டுப்பாடு இறுகியது.

எம்.ஜி.ஆர். அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பின்னும், தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை' கடைப் பலகைகளில் நெடுநாள் தங்கின. சிற்றிதழ், நூல் அட்டைத் தலைப்புகளில் தூரிகை எழுத்தை ஓவியக் கலையாக்கியவர்களுள் கே. எம். ஆதிமூலம் (1938–2008) முக்கியமானவர்.

2000களில் ஃபிளெக்ஸ் அச்சு பரவி, பட்டறைகள் ஓய்ந்தன. 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் பேனர் ஓவியர்களைக் கொண்டு பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. எழுத்துக்கு அதில் இடம் குறைவு. கணினியில் தாரிக் அஸீஸின் 'கவிவாணர்' போன்ற கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள் உள்ளன. தண்ணீர் லாரிகளின் பின்புறம் இன்னும் கையால் எழுதப்படுவதைக் காணலாம்.