கால் மட்டும் நனைச்சுக்கோ

மந்தைவெளி ரயில் நிலையத்துல இறங்கிக் கிழக்கே நடந்தா பட்டினப்பாக்கம் கடல். சின்ன வயசுல அங்க போறப்பல்லாம் அம்மா சொல்றது ஒண்ணுதான்: "கால் மட்டும் நனைச்சுக்கோ." தம்பி இடுப்பு வரைக்கும் இறங்குவான். அவனுக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா கரையில உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கிட்டது நான்தான்.

அதனாலதான் இன்னைக்கு கமலி மூர்த்தியோட கதை. மாமல்லபுரத்து மீனவர் குப்பத்துல வளர்ந்த பொண்ணு.

சர்ஃபிங்னாலே வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைச்சுக்கறோம். 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம கட்டுமரத்துல இருந்து போனது. சில மரங்களைக் கயிறு போட்டுக் கட்டி, உடையுற அலையைத் தாண்டிப் போய், மீனோட அதே அலையில கரையேறுறது இந்தக் கரையோட அன்றாட வேலை. பலகைதான் புதுசு.

ஆனா அந்த மரத்துல ஏறினது ஆண்கள். மீன் கரைக்கு வந்த பிறகுதான் பெண்களோட வேலை தொடங்கும்: ஏலம், கூடை, தெருத்தெருவா விற்பனை. (ராமநாதபுரம் பக்கம் பாசி எடுக்கக் கடலுக்குள்ள இறங்குற பெண்கள் உண்டு. அது தனி எபிசோட்.) குடும்பமே அவங்க கொண்டுவர்ற காசுல ஓடும். கடல் மட்டும் அவங்களுக்கு இல்ல.

இது எல்லா ஊர் வழக்கமும் இல்ல. பழைய ஹவாயில பெண்களும் அலையேறினாங்க. 1915-ல ஹவாய் வீரர் டியூக் கஹானமோகு ஆஸ்திரேலியாவுல, இசபெல் லெதம் என்ற 15 வயசுப் பொண்ணைத் தன் பலகையில ஏத்திக்கிட்டு அலையில வந்தார். அங்க அது இன்னைக்கும் பேசப்படுற சம்பவம்.

கமலியைத் தனியா வளர்த்தது அவங்க அம்மா, கடற்கரையில சின்னக் கடை வெச்சு. மகள் முதல்ல ஏறினது ஸ்கேட்போர்டுல. கவுன் போட்டுக்கிட்டு, வெறுங்காலோட சறுக்குற அந்தப் படத்தை ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக் இன்ஸ்டாகிராம்ல பகிர்ந்தார். அப்புறம் சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற குறும்படம் 2020-ல பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போச்சு. விருது கிடைச்சது ஆப்கானிஸ்தான் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கத்துக்கற இன்னொரு படத்துக்கு. ஒரே வருஷத்துல, ஒரே பட்டியல்ல, அப்படி ரெண்டு படம்!

எனக்கு அந்தப் படத்துல பிடிச்சது சறுக்குற காட்சிகளைவிட அம்மாதான். "வெயில்ல கறுத்துடுவே, அடிபட்டா யார் கட்டிப்பாங்க?" இந்தப் பேச்சு குப்பத்துல மட்டும் இல்ல, எங்க அபார்ட்மென்ட் மாடிப்படியிலயும் கேட்கும். அதையெல்லாம் மீறி ஒரு பொண்ணைக் கடல்ல விட, கரையில ஒருத்தர் பிடிவாதமா நிக்கணும்.

வைரல் ஆன குழந்தைகளை நாம சீக்கிரம் மறந்துடுவோம். கமலி விஷயத்துல அது நடக்கல. படத்துக்கப்புறம் பலகையை விடல. அலை எங்க உடையும்னு கணிக்கறது, கையால துழாவி அந்த வேகத்தைப் பிடிக்கறது, எழுந்து நிக்கறது. நடுவர்கள் மதிப்பெண் போடறது நின்ன பிறகு செய்யற திருப்பங்களுக்குத்தான். 2024-ல மங்களூரு பக்கம் சசிஹித்லுவில நடந்த இந்தியன் ஓபன் போட்டியில மகளிர் ஓபன் பட்டமும், 16 வயசுக்கு உட்பட்டோர் பட்டமும் கமலிக்குத்தான்.

2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் முதல்முறையா இந்தியாவுக்கு வந்தது. நடந்த இடம் மாமல்லபுரம். மத்த நாட்டுப் பொண்ணுங்க எல்லாம் விமானம் ஏறி வந்தாங்க. கமலி வீட்டுல இருந்து நடந்தே போகலாம்.