உணவும் தீட்டும்: யாழ்ப்பாணத்துச் சைவ உணவு விதிகளும் சுகாதார நியாயமும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே மரக்கறி உணவைச் 'சைவம்' என்றும், மீன், இறைச்சி சேர்ந்த உணவை 'மச்சம்' என்றும் கூறுவர். ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவு முறையின் பெயராகவும் வழங்குவது சிந்தனைக்குரியது. சிவனை முழுமுதலாகக் கொண்டோர் அனைவரும் சைவரே என்பது சமயத்தின் கூற்று. மரக்கறி உண்போரே சைவர் என்பது வழக்கின் கூற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டினுள் நீண்டதொரு சமுதாய வரலாறு அடங்கியுள்ளது.

இவ்வுணவு விதிகளுக்கு விஞ்ஞான விளக்கம் கூறும் போக்கு மேடைகளிலும் விழா மலர்களிலும் வலுப்பெற்று வந்துள்ளது. புலால் விலக்கு, எச்சில், துடக்கு ஆகியன யாவும் நோய்த் தடுப்பு முறைகளே என்றும், நம் முன்னோர் கிருமிகளை அறிந்தே இவற்றை வகுத்தனர் என்றும் கூறப்படுகிறது. இக்கூற்று வரலாற்றுச் சான்றுகளோடு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இத்தகைய விளக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. யூதரின் வேதம் பன்றியை விலக்கும்போது, அது குளம்பு பிளந்ததாயினும் அசைபோடாதது என்பதையே காரணமாகக் காட்டுகிறது; நோயைப் பற்றி அங்கு யாதும் இல்லை. 12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்னும் அறிஞரே விலக்கப்பட்ட உணவுகள் உடலுக்கு ஒவ்வாதவை என விளக்கினார். அவர் ஒரு வைத்தியர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பன்றியிறைச்சி வழியாகப் பரவும் திரிக்கினா என்னும் புழு 1835 இலேயே மனிதத் தசையிற் காணப்பட்டது. அது பரவும் வகை 1860 இலேயே தெளிவாயிற்று. விதி முன்னது, காரணம் பின்னது. ஒவ்வொரு காலமும் தான் மதிக்கும் அறிவைக் கொண்டு பழைய விதிக்கு நியாயம் தேடிக்கொள்கிறது.

தமிழிலக்கியத்தை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் துலக்கமாகிறது. சங்கச் சான்றோர் ஊன் உணவைக் கூச்சமின்றிப் பாடினர். அந்தணராகிய கபிலர், ஊன் சோறு உண்பதன்றிப் பிறிதொரு தொழில் அறியாமையாலே தம் கைகள் மென்மையாயின எனச் சேர மன்னனிடம் கூறுவதைப் புறநானூறு காட்டுகிறது. புலால் மறுப்பு ஓர் அறமாகத் தமிழகத்தில் வேரூன்றியதற்குச் சமண, பௌத்த சமயங்களின் செல்வாக்கே பெருங்காரணம் எனலாம்.

இவ்விடத்துத் திருக்குறளின் அமைப்பு எமக்கு அரிய சான்றாகின்றது. 'புலான் மறுத்தல்' 26 ஆம் அதிகாரம். அது துறவறவியலுள் அமைந்துள்ளது. அங்கு பேசப்படும் நியாயம் அருளே. 'மருந்து' 95 ஆம் அதிகாரம். அது பொருட்பாலைச் சேர்ந்தது. முன் உண்டது செரித்தபின் உண்ணல், அளவறிந்து உண்ணல், மாறுபாடில்லாத உணவை உண்ணல் என்பன அங்கு வற்புறுத்தப்படுகின்றன. புலாலைப் பற்றி அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. முன்னைய அதிகாரத்திலும் நோய் பற்றிய பேச்சில்லை. அறத்தையும் ஆரோக்கியத்தையும் வள்ளுவர் வேறு வேறாகவே வைத்தார். அவற்றை ஒன்றாக்கியவர்கள் பின்வந்த நாமே.

சமணரோடு கடுமையாக முரண்பட்ட சைவம் அவர்தம் உணவு விதியைத் தனதாக்கிக்கொண்டமை வரலாற்றின் முரண்நகையாகும். எனினும், 12 ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலே, கண்ணப்பர் தம் வாயிற் சுவைத்துப் பார்த்துப் படைத்த இறைச்சியை இறைவன் விரும்பி ஏற்கிறான். புலால், எச்சில் ஆகிய இரு விலக்குகளும் அங்கு ஒருங்கே மீறப்படுகின்றன. பக்தியின் எல்லையிற் புராணம் அனுமதித்ததை நிலவுடைமைச் சமுதாயம் அன்றாட வாழ்விலே அனுமதிக்கவில்லை. நிலத்திற்கும் கோயிலுக்கும் உரித்தாளராயிருந்தோரின் உணவு தூய்மையின் அளவுகோலாயிற்று. அதனின்று விலகிய உணவு தாழ்வின் அடையாளமாயிற்று.

யாழ்ப்பாணத்து வழக்கு இதனை வெளிப்படையாகவே காட்டும். மேற்சாதியினராகக் கருதப்பட்டோருட் பெரும்பாலோர் மீன் உண்பவர்களே. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் நல்லூர்த் திருவிழாவும் வந்தால் மட்டும் அடுக்களையில் மச்சம் விலக்கப்படும். வியாழனன்று நோய் தராத மீன் வெள்ளியன்று நோய் தருமென யாரும் கருதியதில்லை. இது சுகாதார விதியன்று. புனித காலத்தைப் பிற காலத்தினின்று பிரிக்கும் விதி.

இதனினும் முக்கியமானது சமைத்த உணவுக்கும் சமையாத பொருளுக்கும் இடையிலான வேறுபாடு. ஒடுக்கப்பட்ட மக்கள் விதைத்து அரிவுவெட்டிய நெல்லும், மரமேறிப் பறித்த தேங்காயும், தோட்டத்திற் பிடுங்கிய காய்பிஞ்சுகளும் எவ்வித தடையுமின்றி மேற்சாதி வீடுகளுக்குட் சென்றன. அதே கைகள் ஆக்கிய சோறும், அள்ளிய தண்ணீரும் தீட்டாயின. கிருமியியல் கூறுவது இதற்கு நேர்மாறானது. கொதிநீர் கிருமிகளை அழிக்கும். நன்கு வெந்த சோற்றினும், கழுவாத காயிலேதான் ஆபத்து அதிகம். சுகாதாரமே நோக்கமாயிருந்திருப்பின் விதி தலைகீழாகவே அமைந்திருக்கும். உழைப்பின் பயன் வேண்டும், உழைப்பவனோடு சமத்துவம் வேண்டாம் என்ற உற்பத்தி உறவே இவ்விதியின் தருக்கமாகும்.

இதனால் இவ்வழக்கங்களில் நன்மையே இல்லையென நாம் கூறவில்லை. கைகால் கழுவி உண்ணல், ஒருமுறை உண்ட வாழையிலையை எறிதல், உதடு படாமல் மூக்குப்பேணியில் நீர் அருந்துதல் ஆகியன தொற்றைக் குறைக்கக்கூடியனவே. ஆயினும், பிறர் எச்சிலை அஞ்சிய அதே சமுதாயம் கணவன் உண்ட இலையில் மனைவி உண்பதைக் கற்பின் இலக்கணமாகப் போற்றியது. கிருமி கணவனையும் பிறரையும் வேறுபடுத்துவதில்லை, அதிகாரமே வேறுபடுத்துகிறது.

19 ஆம் நூற்றாண்டில் இவ்விரு மொழிகளும், அதாவது ஆசாரத்தின் மொழியும் மருத்துவத்தின் மொழியும், யாழ்ப்பாணத்தில் எதிரெதிரே நின்றன. 1822 இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே 1822 இல் அமெரிக்காவிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நாவலர் தமது சைவ வினாவிடையிற் புலாலுண்ணலைப் பாவங்களுள் ஒன்றாக வைத்தார். அவருக்கு அது பாவமே, நோயன்று. மிசனரிமாருக்கு எதிரான போராட்டத்தில் உணவாசாரம் தேசிய அடையாளமாகியமை முற்போக்கான ஒரு பணியே. ஆனால், சாதியாசாரமும் அதனோடு சேர்ந்தே பேணப்பட்டமையை நாம் மறைத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டிலே தீட்டின் மொழி வலுவிழந்தது. பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் கோரப்பட்டன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கு வேறு பாத்திரங்களே வைக்கப்பட்டன. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதன்பின் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் ஒரு குவளை தேநீருக்காக உயிர்கள் பலியாக வேண்டியிருந்ததை உணர்த்தின. 'சாதிக்காக அன்று, சுத்தத்திற்காகவே' என்ற சொல் இத்தகைய சூழலிலேதான் பயனுடையதாகிறது. வெளிப்படையாகக் கூற நாணும் ஒன்றைச் சுகாதாரம் என்ற பெயரிற் கூறலாம்.

அவ்வாறாயின் இன்றைய உடல்நல அறிவு யாது கூறுகிறது? பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2015 இல் வகைப்படுத்தியது. காய்கறியும் பருப்பும் கீரையும் மிகுந்த உணவு நன்று என்பதில் ஐயமில்லை. அதே வேளை, 1948 இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 உயிர்ச்சத்து மரக்கறியில் இயல்பாகக் கிடைப்பதில்லை. முழு மரக்கறி உண்போர் அதில் கவனஞ் செலுத்தவேண்டும். தீட்டிய வெள்ளையரிசியும் சீனியும் எண்ணெய்ப் பலகாரமும் ஆசாரத்தின்படி குற்றமற்ற சைவமே. நீரிழிவு நோயாளிக்கோ அவை நஞ்சையொப்பன. மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை ஆகியன சேர்த்து ஏழைகள் காய்ச்சிக் குடித்த ஒடியற் கூழ் ஆசாரத்திற்கு இழிந்தது, சத்துக்கோ குறைவற்றது. விதியும் சத்தும் சில இடங்களிற் சந்திக்கின்றன, பல இடங்களிற் பிரிகின்றன. சந்திப்பது தற்செயலேயன்றி விதியின் நோக்கமன்று.

உயிர்க்கிரங்கிப் புலால் மறுப்பவர் அருளை நியாயமாகக் கூறட்டும். அந்நியாயத்துக்கு ஆய்வுகூடத்தின் சான்றிதழ் வேண்டியதில்லை. உடல்நலம் கருதுபவர் வள்ளுவரின் 'மருந்து' அதிகாரத்தையும் வைத்தியரையும் நாடட்டும். இவ்விரண்டுமின்றி, யார் சமைத்தார், யார் தொட்டார் என்று வினவுபவரிடம் நாமும் ஒரு வினாவை எழுப்ப வேண்டியுள்ளது: உலையிற் கொதித்த சோற்றிலே எஞ்சியிருப்பது எந்தக் கிருமி?