சிலோன் எடுக்குமா?

1952-இல் கேஸ்கர் அமைச்சரானதும் நம் வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. மக்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். மண்டபத்தில் டிரான்சிஸ்டர் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "சிலோன் எடுக்குமா?" 1983-க்குப் பின் இங்குள்ள முகாமுக்கு வந்த அகதிகளுக்கோ, பாட்டைவிட ஊர்ச் செய்தியே பெரிது.

1979-இல் சோனி வாக்மேன் வந்தது. 1984-இல் கையடக்க சிடி பிளேயர். ஒரு சிடியில் 74 நிமிடம்தான். அதே வட்டில் எம்பி3-ஆகப் பதிந்தால் நூறு பாட்டுக்கு மேல் அடங்கும். கடையில் கேள்வியும் மாறியது: "எம்பி3 பாடுமா?"

ஆனால் நாம் நிரப்பியதைத்தான் அது பாடும். புயல் அறிவிப்பும் அக்கரைக் குரலும் அதில் வராது. கடலோரத்தில் இருப்பவர்கள் பிளேயர் வாங்கும்போது, ரேடியோவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.