பீஜாப்பூர்: வறண்ட மேட்டில் எழுந்த தலைநகரம்

கர்நாடகத்தின் வட பகுதியில், கிருஷ்ணா நதிக்கும் பீமா நதிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் பீஜாப்பூர் இருக்கிறது. 2014 முதல் அதன் அரசுப் பெயர் விஜயபுரா. சுற்றிலும் கரிசல் மண், அடியில் கரும்பாறை, மழையும் குறைவு. பேராறு எதுவும் நகரைத் தொட்டுச் செல்லவில்லை. இப்படியோர் இடத்தில் ஒரு தலைநகரம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நிலைத்து நின்றது என்றால், அதற்குப் பாதிக் காரணம் படைபலம், மீதிப் பாதி தொலைவிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்த திறமை. கோல் கும்பஸ் என்ற கல்லறையின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பவர்கள் இந்த நகரின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தவர்கள்.

சாளுக்கியர் காலத்திலேயே ஊர் இருந்தது. விஜயபுரம் என்பது அக்காலப் பெயர். டெல்லி சுல்தான்களின் படை தக்காணத்துக்கு வந்த பின் இங்கு எழுந்த கரீமுதீன் மசூதி 1320ஐச் சேர்ந்தது. பழைய கோயில்களின் தூண்களே அதைத் தாங்கி நிற்கின்றன. பின்னர் ஊர் பாமினி சுல்தான்களின் கைக்குப் போனது. அவர்களுடைய ஆளுநராக இருந்த யூசுப் ஆதில் கான், பாமினி அரசு தளர்ந்தபோது, 1490ஐ ஒட்டித் தனியாட்சி கண்டார். அவர் துருக்கிய அரச குடும்பத்தில் பிறந்து, உயிருக்குத் தப்பி ஓடிவந்தவர் என்று பெரிஷ்தா எழுதிவைத்தார். பெரிஷ்தா பீஜாப்பூர் அரசவையிலேயே இருந்து தக்காண வரலாற்றை எழுதியவர். அரச வம்சத்துக்குப் பெருமை சேர்க்கும் இந்தச் செய்தியை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நகரம் இன்றைய வடிவைப் பெறத் தொடங்கியது முதலாம் அலி ஆதில் ஷா காலத்தில் (1558-1580). 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தக்காண சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து விஜயநகரத்தை வீழ்த்தினார்கள். அந்த வெற்றிக்குப் பின் வந்த செல்வம் பீஜாப்பூரில் கல்லாக மாறியது. சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கோட்டை மதில், அகழி, தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கொத்தளங்கள், ஐந்து பெரிய வாயில்கள் எல்லாம் இந்தக் காலத்துப் பணிகள். ஜாமி மசூதியும் அலியின் காலத்தில்தான் தொடங்கப்பட்டது. அலங்காரம் குறைவான கட்டடம் அது. வரிசை வரிசையாக நிற்கும் கனத்த வளைவுகளும் நடுவில் கவிந்த குவிமாடமுமே அதன் அழகு. மேற்குச் சுவரில் மட்டும் பொன் வேலைப்பாடு மின்னுகிறது. அது பிற்காலச் சேர்க்கை. அரசவை கூடிய ககன் மஹாலில் (1561) கூரை விழுந்துவிட்டது. முகப்பின் நடு வளைவு மட்டும் சுமார் 20 மீட்டர் அகலத்துக்கு இன்னும் விரிந்து நிற்கிறது.

அலிதான் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையையும் தொடங்கிவைத்தவர். நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் தொர்வி என்ற சிற்றூர். அங்கு சேர்ந்த நீர் நிலத்தடிச் சுரங்கம் வழியாக நகருக்குள் வந்தது. வழிநெடுகக் கிணறுபோல் செங்குத்தான துளைகள் விட்டிருந்தார்கள். தோண்டிய மண்ணை மேலேற்றவும், பிறகு உள்ளே இறங்கித் தூர் எடுக்கவும், ஆங்காங்கே நீர் மொள்ளவும் அவை பயன்பட்டன. பாரசீகத்தில் பழகிய இந்த முறை தக்காணத்தின் பாறைநிலத்துக்குப் பொருந்திவந்தது. நிலத்தின் சரிவே நீரை இழுத்து வந்ததால் ஏற்றமோ மாடோ தேவைப்படவில்லை. அலி தன் மனைவி சாந்த் பீபியின் பெயரில் 1579இல் சாந்த் பாவடியைக் கட்டினார். பிற்காலத்தில் அகமதுநகர்க் கோட்டையை முகலாயரிடமிருந்து காத்து நின்ற அதே சாந்த் பீபிதான் இவர். பாவடி என்றால் படிகள் இறங்கும் பெரிய கிணறு. குளம் என்றே சொல்லலாம், அவ்வளவு அகலம்.

அடுத்து வந்த இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா (1580-1627) இசைப்பித்தர். அவர் தக்கினி மொழியில் இயற்றிய ‘கிதாப்-இ-நௌரஸ்’ என்ற இசைப்பாடல் தொகுப்பில் சரஸ்வதியும் கணபதியும் போற்றப்படுகிறார்கள். இசைக்கென்றே நௌரஸ்பூர் என்ற புது நகரை 1599இல் மேற்கே எழுப்பத் தொடங்கினார். அதில் மிஞ்சியவை இடிபாடுகளே. அவர் காலத்துக் கட்டடக் கலைஞர் மாலிக் சந்தல். அரசி தாஜ் சுல்தானாவின் பெயரால் 1620இல் தாஜ் பாவடியை அமைத்தவர் அவரே. எண்கோணக் கோபுரங்கள் இருபுறமும் நிற்க, நடுவே ஒற்றைப் பெருவளைவு வழியாக நீருக்கு இறங்கும் அந்த வாயில், கிணற்றுக்கு எடுத்த வாயில்களிலேயே கம்பீரமானது.

இப்ராஹிம் ரோஜாவும் மாலிக் சந்தலின் பணிதான். ஒரே மேடையில் கல்லறை மாளிகை ஒருபுறம், மசூதி எதிர்ப்புறம், நடுவில் நீர்த்தொட்டி. அரசிக்காகத் தொடங்கிய இடத்தில் இறுதியில் அரசரும் அடக்கமானார். கல்லறையின் வெளிச்சுவரை நெருங்கிப் பார்க்க வேண்டும். சன்னல் சட்டங்களுக்குள் இருக்கும் கல் சல்லடை அரபு எழுத்துகளாலேயே ஆனது. எழுத்துகளின் இடைவெளி வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே விழுகிறது. உள்ளறைக் கூரை தட்டையான கற்பலகைகளால் ஆனது. நடுவில் தாங்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பீஜாப்பூரில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், கோல் கும்பஸை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

முகமது ஆதில் ஷாவின் காலத்தில் (1627-1656) அரசின் எல்லை மிக விரிந்தது. 1636இல் ஷாஜஹானுடன் உடன்படிக்கை ஏற்பட்டு வடக்கே ஓரளவு அமைதி கிடைக்க, படைகள் தெற்கே திரும்பின. 1648-49இல் செஞ்சிக் கோட்டை பீஜாப்பூரின் வசமானது. தெற்கே போரிட்ட தளபதிகளுள் சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் ஒருவர். அவருடைய இன்னொரு மகன் ஏகோஜி, 1670களில் பீஜாப்பூரின் படைத்தலைவராக வந்து தஞ்சாவூரைப் பிடித்துத் தாமே அரசரானார். தஞ்சை மராட்டியர் ஆட்சியின் வேர் இந்த நகரில் இருக்கிறது.

கோல் கும்பஸ் முகமதின் கல்லறை. தாபோல் துறைமுகத்தைச் சேர்ந்த யாகூத் என்பவர் கட்டியது என்பர். உள்ளே தூணே இல்லை. குவிமாடத்தின் உள்விட்டம் மட்டும் சுமார் 38 மீட்டர். சதுரக் கூடத்தின் மேல் வட்டக் கூரையை ஏற்றியது எப்படி? நான்கு சுவர்களையொட்டி எட்டு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எழுகின்றன. அவை உள்நோக்கிச் சாய்ந்து, சதுரத்தை எண்கோணமாக்கி, மேலே வட்டமாக்கிவிடுகின்றன. குவிமாடம் இந்த வட்டத்தின் வெளிப்புற ஓரமாக அமர்ந்திருக்கிறது. வெளியே தள்ளும் விசையை உள்ளே தொங்கும் எடை ஈடுகட்டுகிறது. உட்புறம் மிஞ்சிய அகன்ற விளிம்புதான் புகழ்பெற்ற ரகசிய மாடம். மூலைக் கோபுரம் ஒன்றின் படிகளில் ஏழு தளங்கள் ஏறினால் அங்கு சேரலாம். சுவரோரம் மெல்லப் பேசியது எதிர்ப்பக்கத்தில் தெளிவாகக் கேட்கும். ஒரு கைதட்டல் பலமுறை திரும்பி வரும். கூட்டம் சேர்ந்து கூச்சலிடத் தொடங்கிவிட்டால் எதுவும் கேட்காது. ஆகவே காலையில் திறந்தவுடன் போவது நல்லது.

இதே முகமது 1651இல் நகருக்குத் தெற்கே பேகம் தலாப் என்ற ஏரியை அமைத்தார். அதன் நீர் மண்குழாய்கள் வழியாக நகருக்குள் வந்தது. வழியில் கட்டிய சதுர நீர்க்கோபுரங்களுக்குக் கஞ்ச் என்று பெயர். நீர் அவற்றில் ஏறி இறங்கும்போது குழாயின் அழுத்தம் தணிந்தது, வண்டலும் படிந்தது. நபிகளாரின் திருமுடி வைக்கப்பட்டுள்ள அசர் மஹாலின் முன்குளத்துக்கும் இந்த ஏரி நீர்தான் வந்தது. கோபுரங்கள் சில இன்னும் தெருக்களின் நடுவே நிற்கின்றன. கடந்து போகிறவர்களில் பலருக்கு அவை எதற்கென்று தெரியாது.

மேற்கு மதிலில் ஷெர்ஸா புர்ஜ் கொத்தளத்தின் மேல் இருக்கிறது மாலிக்-இ-மைதான் பீரங்கி. 1549இல் அகமதுநகரில் வார்க்கப்பட்டு, 1632இல் இங்கு வந்து சேர்ந்த 55 டன் எடையுள்ள வெண்கலம் இது. வாய்ப்பகுதி பிளந்த சிங்கமுகம். அதன் பற்களுக்கிடையே யானை நசுங்குகிறது. ஆங்கிலேயர் 1854இல் இதை ஏலம் விட்டபோது 150 ரூபாய்க்கு மேல் எவரும் கேட்கவில்லை. தொகை போதாதென்று விற்பனை கைவிடப்பட்டதால்தான் பீரங்கி தப்பியது.

இரண்டாம் அலி ஆதில் ஷா தமக்கு எழுப்பத் தொடங்கிய கல்லறை பாரா கமான். 1672இல் அவர் இறந்தபோது வளைவுகள் மட்டுமே எழுந்திருந்தன. இன்றும் கருங்கல் வளைவுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அவர் இறப்பதற்குள் ஒருபுறம் சிவாஜியும் மறுபுறம் முகலாயரும் அரசை அரித்துவிட்டார்கள். 1686 செப்டம்பரில், நீண்ட முற்றுகைக்குப் பிறகு, ஔரங்கசீப்பிடம் நகரம் பணிந்தது. கடைசி சுல்தான் சிக்கந்தர் அப்போது இளைஞர். ககன் மஹாலில் அவரை வெள்ளிச் சங்கிலி பூட்டி நிறுத்தினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

பின்னர் நிஜாம், மராட்டியர், ஆங்கிலேயர் என்று கைமாறி, நகரம் சுருங்கியது. 1885இல் மாவட்டத் தலைமையிடம் இங்கு மாற்றப்பட்டபோது பழைய மாளிகைகள் சில அலுவலகங்களாயின. கோல் கும்பஸின் முன் உள்ள நகரா மண்டபம் 1892இல் அருங்காட்சியகமானது. கல்வெட்டுகள், சிற்பங்கள், ஆயுதங்கள், தரைவிரிப்புகள் அங்கு இருக்கின்றன. ககன் மஹாலும் பாரா கமானும் நகர நடுவில் நடக்கும் தூரத்தில் உள்ளன. கோல் கும்பஸ் கிழக்கே ரயில் நிலையத்தின் பக்கம். இப்ராஹிம் ரோஜாவும் தாஜ் பாவடியும் மேற்குக் கோடியில். தொர்விச் சுரங்கத்தையும் பேகம் தலாபையும் பார்க்க விரும்புவோர் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.