டாம் மாமாவும் ஈவாவும்: பீங்கான் பொம்மைகளில் ஒரு நாவல்

டாம் மாமா – ஈவா பொம்மைகள் என்பவை 1852-ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் செய்யப்பட்ட அலங்காரச் சிற்றுருவங்கள் ஆகும். அமெரிக்க எழுத்தாளர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘டாம் மாமாவின் குடிசை’ என்ற நாவலின் கதைமாந்தர்களை இவை காட்டுகின்றன. புகழ்பெற்ற கதையொன்று புத்தகத்திலிருந்து இறங்கி எளிய மக்களின் வீட்டு மாடத்தில் இடம்பிடித்ததற்கு இவை நல்ல சான்று. அப்படி இடம்பெயர்ந்தபோது கதை எப்படி மாறியது என்பதையும் இவற்றில் காணலாம்.

நாவலின் பரவல்

தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்கா 1850-இல் கடுமையாக்கியது. அதனால் கொதிப்படைந்த ஸ்டோவ், 1851 ஜூன் முதல் ‘நேஷனல் எரா’ என்ற வார இதழில் இந்நாவலைத் தொடர்கதையாக எழுதினார். 1852 மார்ச் 20 அன்று பாஸ்டன் நகரில் அது நூலாக வந்தது. முதல் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 3 லட்சம் படிகள் விற்றன.

பிரிட்டனில் விற்பனை இதைவிடப் பல மடங்கு அதிகம். அயல்நாட்டு எழுத்தாளரின் நூலுக்கு அங்கே முறையான பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டுத் தள்ளின. ஜான் காசல் வெளியிட்ட பதிப்புக்கு ஜார்ஜ் குரூக்ஷாங்க் 27 படங்கள் வரைந்தார். மேடை நாடகங்களும் பாட்டுத் தாள்களும் தொடர்ந்து வந்தன. பொம்மை செய்தவர்களுக்கு இத்தகைய படங்களே மாதிரிகளாக உதவின. கதையைப் படிக்காதவர்களுக்கும் கதைமாந்தர்களின் முகம் பழகிப்போயிருந்தது.

முன்னோடிகள்

கதைமாந்தரைப் பீங்கானில் வடிப்பது அப்போது புதிதல்ல. வில்லியம் கூம்பின் செய்யுளுக்கு தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த ‘டாக்டர் சின்டாக்ஸ்’ என்ற நகைச்சுவைப் பாத்திரம், 1812-இல் நூல் வெளிவந்தபின் டெர்பி பீங்கான் உருவமாகவும் நீல அச்சுத் தட்டுகளின் படமாகவும் வந்தது.

அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1787-இல் ஜோசையா வெட்ஜ்வுட், விலங்கிட்ட கைகளுடன் மண்டியிட்டிருக்கும் ஆப்பிரிக்கர் ஒருவரின் உருவம் பதித்த பதக்கங்களைச் செய்து வழங்கினார். பின்னர், தம்மிடம் இருப்பது அடிமைகள் விளைவிக்காத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று அறிவிக்கும் சர்க்கரைக் கிண்ணங்களும் விற்றன. இதில் ஒரு முரண் உண்டு. 1833-இல் பிரிட்டன் தன் பேரரசில் அடிமை முறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. தமிழகத்து நெல்வயல்களில் பண்ணையடிமை முறை நிலவிய காலம் அது. கம்பெனி ஆட்சியில் அடிமைநிலைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843-இல்தான் வந்தது.

செய்முறை

தமிழில் பீங்கான் என்று பொதுவாகச் சொன்னாலும், இவற்றில் பெரும்பாலானவை உயர்வகைப் பீங்கான் அல்ல. வெண்மண்ணில் செய்து மெருகேற்றியவை. விலை குறைந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் அச்சு. சுண்ணச்சாந்தால் செய்த முன், பின் அச்சுகளில் களிமண் தகட்டை அழுத்தி, இரண்டு பாதிகளையும் குழைமண்ணால் ஒட்டுவார்கள். சூளையில் சுட்டபின் ஈயம் கலந்த மெருகுக் குழம்பில் தோய்த்து மறுபடி சுட்டு, வண்ணமும் பொற்கோடும் தீட்டுவார்கள். கணப்படுப்பின் மேல்மாடத்தில் சுவரோரமாக வைப்பதற்கென்றே செய்ததால், பின்பக்கம் தட்டையாகவும் பெரும்பாலும் வண்ணமின்றியும் இருக்கும். ஆதலால் இவ்வகைக்குத் ‘தட்டை முதுகுப் பொம்மை’ என்றே பெயர் வந்தது. பீடத்தில் கதைமாந்தரின் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

இந்தத் தொழிலில் சிறுவர் சிறுமியரும் உழைத்தனர். அச்சுகளைத் தூக்கிக்கொண்டு சூடான உலர்த்தும் அறைக்கும் பட்டறைக்கும் இடையே நாள் முழுவதும் ஓடுவது சிறுவர்களின் வேலை. மெருகில் தோய்ப்பவர்களை ஈய நஞ்சு தாக்கியது. 1840-களிலேயே அரசு விசாரணைக் குழு இந்நிலையைப் பதிவு செய்தும், தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு மண்பாண்டத் தொழிலுக்கு 1864-இல்தான் நீட்டிக்கப்பட்டது. தொலைதூரத்து அடிமைக்காகக் கண்ணீர் விட்ட வீடுகளை அலங்கரித்த பொம்மைகளின் பின்னே, அருகிலிருந்த குழந்தைகளின் உழைப்பும் இருந்தது.

பொம்மையில் நின்றதும் விடுபட்டதும்

டாமும் சிறுமி ஈவாவும், ஈவாவும் டாப்ஸியும், ஜார்ஜ் ஹாரிஸும் அவர் மனைவி எலைசாவும் எனப் பல இணைகள் விற்பனைக்கு வந்தன. இவற்றுள் மிகவும் பரவியது, டாமும் ஈவாவும் சேர்ந்திருக்கும் அமைதியான காட்சி.

நாவலில் டாம் அகன்ற மார்பும் வலிய உடலும் கொண்ட மனிதர். சிறு குழந்தைகளின் தந்தை. குடும்பத்திலிருந்து பிரித்து விற்கப்படுகிறார். தப்பியோட முயலும் இரு பெண்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் அடித்துக் கொல்லப்படுகிறார். வீட்டு அலங்காரத்துக்கு ஏற்றதாகத் தெரிந்தது அவருடைய இந்த எதிர்ப்பு அல்ல. வெள்ளைச் சிறுமியின் அருகில் காட்டும் பணிவும் பாசமும்தான். நாடக மேடைகளும் காலப்போக்கில் டாமைத் தளர்ந்த கிழவராகவே காட்டின. இருபதாம் நூற்றாண்டில் ‘டாம் மாமா’ என்பது, ஆதிக்கத்துக்கு அடங்கிப்போகும் கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. நாவலிலேயே இதற்கு இடம் உண்டு என்று விமர்சகர்கள் சிலர் சொல்கின்றனர். எனினும், காட்டிக்கொடுக்காமல் உயிர்விட்ட ஒருவரின் பெயர் இப்படிப் பொருள் மாறியதில் மேடைக்கும் பொம்மைக்கும் பங்கு உண்டு.

மதிப்பீடு

இரக்கம் வெறும் அலங்காரமாக நின்றுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. அடிமை முறையை எதிர்க்கும்படி அமெரிக்கப் பெண்களை வேண்டி பிரிட்டனின் பெண்கள் அனுப்பிய கடிதத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவை 26 தொகுதிகளாகக் கட்டப்பட்டு 1853-இல் ஸ்டோவிடம் சேர்ந்தன. அதே காலத்தில் லங்காஷயர் ஆலைகள் அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியை நூற்றுக்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

இன்று இப்பொம்மைகள் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் உள்ளன. ஒரு கதையை மக்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு இவற்றின் முன்பக்கம் சாட்சி. அந்த நேசம் எதையெல்லாம் பார்க்காமல் விட்டது என்பதை அறிய, நாவலையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.