உபரி உறுப்புகளின் படை

வானகரத்திலிருந்து திருவேற்காடு வழியாக வடமேற்கே சென்றால் ஆவடி வரும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் 'விஜயந்தா' என்னும் டாங்கி வெளிவந்தது. அதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் தொடர்பேதும் இல்லாததுபோல் தோன்றும் ஒரு பொழுதுபோக்கு நம் நினைவில் எழுகிறது. பல பெட்டிகளில் மிஞ்சிய பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி, விண்வெளிப் போர்வீரர்களின் சிற்றுருவங்களைச் செய்து வண்ணம் தீட்டுவது. 'கிட்பாஷிங்' என்று அதற்குப் பெயர்.

பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் போருக்கு 1913இலேயே 'லிட்டில் வார்ஸ்' நூலில் எச். ஜி. வெல்ஸ் விதிகள் வகுத்துவிட்டார். உபரி உறுப்புகளின் காலம் பின்னால் வந்தது. 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கலைஞர்கள், கடைகளில் விற்ற டாங்கி மாதிரிப் பெட்டிகளைப் பிரித்து, அத்துண்டுகளை விண்கலங்களின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். 1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 'வார்ஹாமர் 40,000' விளையாட்டை வெளியிட்டது. அதன் முதல் பிளாஸ்டிக் வீரர் பெட்டியில் 30 உருவங்கள். தலை, கை, முதுகுச்சுமை எல்லாம் தனித்தனி. ஒருவனைச் செய்தபின் மிஞ்சுவது அடுத்தவனுக்கு விதையாயிற்று.

இவ்வேலையில் நம்மைக் கவர்வது இரண்டு கணங்கள். பிளாஸ்டிக் பசை இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கும் கணம் முதலாவது. கறுப்போ சாம்பலோ அடிப்பூச்சாக விழும் கணம் அடுத்தது. அதுவரை வெவ்வேறு பெட்டிகளின் துண்டுகளாகத் தெரிந்தவை அப்போது ஓர் உடலாகிவிடுகின்றன. பின்னர் பள்ளங்களில் நீர்த்த கருவண்ணமும் விளிம்புகளில் உலர்ந்த தூரிகையின் வெளிர்வண்ணமும் அவ்வுடலுக்கு வயதைத் தருகின்றன.

இனி ஆவடிக்குத் திரும்புவோம். 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில் பிறந்தது விஜயந்தா. அதன் 105 மி.மீ. பீரங்கி செஞ்சூரியன் டாங்கிக்கும் உரியது. எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் சீஃப்டன் டாங்கிக்கு உரியவை. பின்னாளில் அதே விஜயந்தாவின் மேற்கோபுரத்தை நீக்கி, சோவியத் நாட்டின் 130 மி.மீ. எம்-46 பீரங்கியை ஏற்றினார்கள். 'கேட்டபல்ட்' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பிரிட்டிஷ் உடல், ரஷ்யக் கை. கிட்பாஷிங் கலைஞன் ஒருவன் பார்த்தால் புன்னகைப்பான்.

ஒட்டிச் செய்தது சொந்தமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஓர் உறுப்பை எடுப்பவன் அதன் வலிமையோடு நோயையும் எடுத்துக்கொள்கிறான். அந்த எஞ்சின் சீஃப்டனிலேயே தொல்லைக்குப் பேர்போனது. 1976இல் ஆவடியில் போர் வாகன ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டு, அங்கே வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கும் ஜெர்மானிய எஞ்சினே பொருத்தப்பட்டது. முற்றிலும் கலப்பற்றதைத் தேடிப் புறப்பட்டால் நம் கையில் எதுவும் மிஞ்சாது.

நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளியை நினைத்துக்கொள்வோம். சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை. அதை இரவல் என்று யாரும் சொன்னதில்லை. இரண்டு விலங்குகளையும் நன்கறிந்த ஒரு சிற்பி, அவை சேரும் இடத்தைத் தானே தீர்மானித்தான். துதிக்கை எங்கே தொடங்கவேண்டும் என்பதை யானையும் சொல்லாது, சிங்கமும் சொல்லாது. சொந்தம் என்பது அந்த இணைப்பில் இருக்கிறது.

ஆகவே ஆவடியின் கதையை நகலின் கதையாக நாம் வாசிப்பதில்லை. அங்கே கைகள் இணைக்கக் கற்றன. எது ஒட்டும், எது ஒட்டாது என்று அறிந்தன. மேசையில் அமர்ந்து மிஞ்சிய கையை வேறொரு தோளில் பொருத்திப் பார்க்கும் சிறுவன் கற்பதும் அதையே. அடிப்பூச்சுக்குக் கீழே எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை ஒட்டியவன் மறப்பதில்லை. மறைக்கவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.